கேளாமல் கொடுத்தவர்

இன்று குசேலோபாக்கியானம் சொல்வதாக அறிவித்திருந்தோம், அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால், என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, பிற்காலத்தில் இந்த ஊருக்கே வைத்தியராக விளங்கி, சென்ற மாசியில் பகவான் திருவடியை அடைந்த நம் டாக்டரை ஸ்மரிக்காமல் அந்தக் கதைக்குள் பிரவேசிக்க மனம் வரவில்லை.

சாந்தீபனி முனிவரின் குருகுலம். குருபத்தினி விறகுக்கு அனுப்புகிறாள், காட்டில் பெருமழை, இரவு முழுவதும் கையோடு கை கோத்துக்கொண்டு கண்ணனும் குசேலரும் திரிகிறார்கள். அந்தக் கையைத் துவாரகாதிபதி மறந்தானா? மறக்கவில்லை. அந்தக் கோடியில் பேச்சு வேண்டாம், குழந்தைகளே. ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிற உங்களுக்காகவும்தான் இதைச் சொல்கிறேன்.

டாக்டர் வீட்டுத் திண்ணையில் விடியும்போதே ஜனங்கள் கண்ணாடிச் சீசாவும் கையுமாகக் காத்திருப்பார்கள். கம்பவுண்டர் அதில் மிக்ஸ்சரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று ஓரம் வெட்டிய காகிதத்தை ஒட்டித் தருவார். ஒரு நாள், எங்களோடு படித்துப் பின் விவசாயத்தில் நொடித்துப்போன ஒருவர், இருமிக்கொண்டே வந்து, மேல்துண்டில் முடிந்த வேர்க்கடலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி கடைசியில் நின்றார். டாக்டர் கண்டுவிட்டார். எழுந்தோடித் தழுவி, "எனக்கு என்னடா கொண்டுவந்தாய்?" என்று முடிச்சைப் பிடுங்கி, அத்தனை பேர் முன்னிலையிலும் கடலையைக் கொறித்துக்கொண்டே அவர் மார்பைச் சோதித்தார்!

மருந்துக்குக் காசு வாங்காதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வருஷம் அந்த நண்பரின் மகனுக்குப் பள்ளிச் சம்பளம் யாரோ கட்டியிருந்தார்கள். யார் என்று தகப்பனாருக்குக் கடைசிவரை தெரியாது. அங்கே உபாத்தியாயராக இருந்த எனக்குத் தெரியும். சொல்லக்கூடாதென்று டாக்டர் சத்தியம் வாங்கியிருந்தார். இருவரும் இன்று இல்லை, ஆகையால் சொல்கிறேன்.

குசேலர் கேட்டாரா? கேட்கவில்லை. கொடுத்தேன் என்று கண்ணன் சொன்னானா? சொல்லவில்லை. வெறுங்கையோடு வழிநடந்த பிராமணர் ஊருக்குப் போய்த்தானே மாளிகையைப் பார்த்தார்! திரும்பவும் சொல்கிறேன்: அவர் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை.

வாத நோயின் உபாதையோடு குருவாயூரப்பன் சன்னிதியில் நாராயணீயத்தை 100 தசகங்களாகப் பாடிய நாராயண பட்டத்திரி, 87-ஆவது தசகத்தை இந்தச் சரித்திரத்துக்கே வைத்தார். நம் டாக்டர் தாமே நோயாளியாகப் படுத்திருந்த கடைசி நாட்களில், அதைப் படித்துப் பொருள் சொல்லும்படி என்னைக் கேட்பார். குசேலர் கொண்டுவந்த அவலைக் கண்ணன் பிடுங்குகிற இடம் வந்தால், "இன்னொரு தரம் படியடா" என்பார். அடுத்த பிடியை உண்ணவிடாமல் கண்ணனை ருக்மிணி தேவி தடுக்கிற இடம் வந்தாலோ, "அவள் ஏன் தடுக்கவேண்டும்?" என்று நிஜமாகவே கோபித்துக்கொள்வார். தடுத்த காரணத்துக்குப் பெரியவர்கள் பலவிதமாக வியாக்கியானம் செய்திருக்கிறார்கள். இன்றைய கதையை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.