போர்வை பெற்ற மயிலும் நோயுற்ற மீனும்

மலைச்சாரலில் நின்ற மயிலொன்று குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையைக் கழற்றி அதற்கு அளித்த வையாவிக் கோப்பெரும் பேகனைத் தமிழுலகம் இன்றளவும் போற்றி வருகின்றது. வகுப்பறையில் இக்கதையைச் சொல்லும்போது, மயிலுக்குக் குளிருமா என்று ஒரு மாணவனேனும் கேட்காமல் இருப்பதில்லை. கேள்வி நியாயமானதே. இறகைப் போர்வையாகப் பெற்ற பறவைக்கு மன்னனின் போர்வை எதற்கு? பரணர் இதனை அறியாதவர் அல்லர். பேகனின் இயல்பைச் சொல்ல அவர் கையாண்ட சொல் கொடைமடம். மடம் என்பது அறியாமை. புகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அறியாமை அது.

அவ்வறியாமை பொறுக்கத்தக்கதாயிற்று என்றால் அதற்குக் காரணம் உண்டு. போர்வையால் மயிலுக்குத் தீங்கொன்றும் விளையவில்லை. உடலை ஒருமுறை உதறினால் துணி கீழே விழுந்துவிடும். மயில் தன் வழியே போய்விடும். உதறித் தள்ள இயலாத ஓர் உயிரின்மேல் அதே அருள் அதே அறியாமையோடு போர்த்தப்பட்டால் என்னவாகும்? இதற்கு விடைகாணப் பேகனின் மலைநாட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு மீன்தொட்டியின் முன் நின்று பார்த்தாலே போதும்.

கேமரன் மலையின் வடபகுதியில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே அமைந்த சிற்றூர் கோலா தெர்லா. கோலா என்னும் மலாய்ச் சொல் ஓர் ஆறு சென்று கலக்கும் இடத்தைக் குறிக்கும். தெர்லா என்பது ஆற்றின் பெயர். தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். பகலில் வெயில் சுட்டாலும், இரவில் வீட்டிற்குள் இருக்கும் நீரும் இருபது பாகைக்குக் கீழே குளிர்ந்துவிடும். தேயிலைக்கு இக்குளிர் நல்லது. நியோன் டெட்ராவுக்கு நல்லதன்று. அது அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த மீன். டிஸ்கஸும் அப்படியே, அதற்கு 28 பாகை வெப்பமேனும் வேண்டும். கிளவுன் லோச் என்னும் செம்மஞ்சள் மீன் சுமத்திராவிலும் போர்னியோவிலும் உள்ள ஆறுகளுக்கு உரியது. இவை ஈப்போவின் மீன் கடைகளில் இதமான நீரில் இருந்துவிட்டு, ஞெகிழிப் பைகளில் சிம்பாங் பூலாய்ச் சாலை வழியே மலையேறுகின்றன. வாங்கிச் செல்பவர் கம்பளிச் சட்டை அணிந்துகொள்கிறார். மீனுக்கு அந்நினைவு வருவதில்லை. வந்தாலும் வாய்திறந்து கேட்க வழியில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மீனின் துடுப்பில் உப்புப் பரல் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. வைத்திருப்பவரின் நெஞ்சு பதைக்கின்றது. கடையில் ஒரு நீலப் புட்டியும் ஒரு பச்சைப் புட்டியும் உண்டு. அண்டை வீட்டார் உப்புப் போடச் சொல்கிறார். மூன்றும் ஒரே மாலையில் தொட்டிக்குள் போகின்றன. காலையில் மீன் மிதக்கின்றது. 'எவ்வளவோ பார்த்தேன், பிழைக்கவில்லை' என்ற வருத்தம் மிஞ்சுகின்றது. அவ்வருத்தம் பொய்யானதன்று. ஆயினும், பார்த்தது எதனை என்பதே ஈண்டு எழும் அறவினா.

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சிமணி இருந்தது. கன்றை இழந்த பசு அதன் கயிற்றை இழுத்து முறையிட்டது. தொட்டியில் வாழும் மீனுக்கு மணியும் இல்லை, குரலும் இல்லை. எனினும் அது முறையிடாமல் இல்லை. துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொள்ளும். கல்லிலும் மணலிலும் விலாவைத் தேய்க்கும். மூலையில் ஒதுங்கி நிற்கும். உணவை வாயில் கவ்வி மீண்டும் உமிழும். நிறம் மங்கும். நீர்மட்டத்திற்கு வந்து வாய்பிளந்து மூச்சிரைக்கும். இவை மீனின் மொழி எனில், அம்மொழியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்பதை மறத்தலாகாது. மூச்சிரைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், நீரில் உயிர்வளி குறைந்திருக்கலாம். அம்மோனியா செவுளை அரித்திருக்கலாம். நைட்ரைட்டு இரத்தத்தின் சிவப்பணுவைக் கெடுத்து உயிர்வளியைச் சுமக்கவொட்டாமல் செய்திருக்கலாம். ஒட்டுண்ணி செவுளில் குடியேறியிருக்கலாம். அறிகுறி ஒன்று, முதல் நான்கு. அகராதியில் முதலில் கண்ட பொருளையே எல்லாவிடத்தும் பொருத்தும் மாணவனைத் தமிழாசிரியர் கண்டிப்பார். தொட்டியின் முன் நிற்கும்போது அவ்வாசிரியரே அதைத்தான் செய்கிறார்!

ஆகவே மீன் நோயுற்றதெனில் முதலில் ஆராயத்தக்கது நீர். மீனின் செவுளிலிருந்து வெளிப்படும் அம்மோனியா அதற்கே நஞ்சு. ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். தொட்டியில் அங்கேயே தங்கும். தங்கிய அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். மண்ணில் நிகழும் இம்மாற்றத்தை உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி விளக்கினார். புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். குளிர்ந்த நீரில் இன்னும் மெதுவாகவே பெருகும். கோலா தெர்லாவில் தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களை விடுபவர், அறியாமலேயே அவற்றின் நஞ்சில் அவற்றை அமர்த்துகிறார். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து காட்டும் சோதனைக் குப்பிகள் கடைகளில் கிடைக்கின்றன. மருந்துப் புட்டியை நாடுபவர் பலர். சோதனைக் குப்பியைக் கேட்பவர் சிலரே.

நீர் எங்கிருந்து வந்தது என்பதும் வினவத்தக்கது. குழாய்நீர் எனில் அதிலுள்ள குளோரின் செவுளைத் தாக்கும். அதனை நீக்கச் சோடியம் தயோசல்பேட்டு உதவும். ஓடைநீர் எனில் குளோரின் இராது. ஆனால் மேட்டில் முட்டைக்கோசுக்கும் தக்காளிக்கும் தெளித்தது என்ன என்ற கேள்வி எழும். பூச்சிகளுக்கென உருவாக்கப்பட்ட பைரித்திராய்டு மருந்துகள், மனிதருக்குப் பெருந்தீங்கு செய்யாத மிகச் சிறிய அளவிலும் மீனைக் கொல்ல வல்லவை. பூச்சிமருந்தால் மயங்கிய மீனுக்கு நீலப் புட்டி என்ன செய்யும்?

நீர் குற்றமற்றது என்று தெளிந்த பின்னரே நோயின் பெயரை நாட வேண்டும். இங்கே கண்ணுக்கு ஒரு சோதனை காத்திருக்கின்றது. வெண்மையாகத் தெரிவன எல்லாம் ஒன்றல்ல. உப்புப் பரல் போலத் தனித்தனியாகப் புடைத்து நிற்பது வெண்புள்ளி நோய். 'இக்தியோப்திரியஸ்' என்னும் ஓரணு ஒட்டுண்ணி அதன் முதல். பஞ்சுத் திரள்போல நீண்டு அசைவது பூஞ்சை வகையைச் சார்ந்தது. பெரும்பாலும் முன்னரே புண்பட்ட இடத்தில், குளிர்ந்த நீரில் வளர்வது. வாயின் ஓரத்திலும் முதுகிலும் வெளிறிய படலமாகப் பரவுவது 'கொலும்னாரிஸ்' என்னும் நுண்ணுயிர் நோய். பார்ப்பவர் இதனையும் பூஞ்சை என்றே மயங்குவர். வெண்புள்ளி நோய்க்கு நீரை மெல்ல மெல்லச் சூடேற்றி 30 பாகை வரை கொண்டுசெல்வது ஒட்டுண்ணியை ஒடுக்கும் வழி. கொலும்னாரிஸுக்கோ அதே சூடு எரியும் நெருப்பில் வார்த்த நெய். ஒன்றை மற்றொன்றென மயங்கினால், காப்பாற்ற நீட்டிய கையே கொல்லும் கையாகிவிடும். பேகனின் போர்வைக்கு நேராத இடர் இது.

சூடேற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. 20 பாகை நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறைகின்றது. மலையின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் இன்னும் சற்றுக் குறையும். செவுளில் நோயுள்ள மீனுக்கு இக்குறைவு பெரிது. ஆதலின் சூட்டோடு காற்றுக்குழாயும் வேண்டும்.

இனி, அறநோக்கில் மிகுதியும் சிந்திக்கத்தக்க இடத்திற்கு வரலாம். வெண்புள்ளி என்பது ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் தங்கி உண்ணும் பருவம். அப்பருவத்தில் மருந்து அதனைத் தொடாது. முதிர்ந்ததும் அது மீனை விட்டுத் தானே உதிர்ந்து தொட்டியின் அடியில் கூடுகட்டும். கூட்டினுள் ஒன்று பலவாகப் பிரிந்து நூற்றுக்கணக்கில் வெளிவரும். வெளிவந்த குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றியாக வேண்டும், இன்றேல் மடியும். மருந்து கொல்வது நீரில் நீந்தித் திரியும் இக்குஞ்சுகளை மட்டுமே. இதனால் நேர்வதென்ன? மருந்திட்ட மூன்றாம் நாள் புள்ளிகள் மறைகின்றன. உடையவர் மகிழ்ந்து மருந்தை நிறுத்துகிறார். மறைந்தது நோயன்று, நோய் தன் வீட்டை மாற்றிக்கொண்டது. சில நாளில் முன்னினும் பன்மடங்காகத் திரும்பி வருகின்றது. 25 பாகை நீரில் இச்சுற்று ஒரு வாரத்திற்குள் முடியும். 10 பாகை நீரில் ஒரு மாதத்தையும் கடக்கும். கோலா தெர்லாவின் இரவுக் குளிரில், வெப்பமூட்டி இல்லாத தொட்டியில், அது இவ்விரண்டுக்கும் இடையே நீளும். சமவெளியில் ஒருவர் 'ஒரு வாரம் மருந்திட்டேன், போயிற்று' என்று சொன்ன கணக்கு மலையில் செல்லாது. நாளை எண்ணுவதற்கு முன் வெப்பமானியைப் பார்க்க வேண்டும்.

புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துபவரின் நெஞ்சில் இருந்தது யாது? மீனின் துன்பம் தீர வேண்டும் என்ற விருப்பமா, அத்துன்பத்தைக் காணும் தம் துன்பம் தீர வேண்டும் என்ற விருப்பமா? இரண்டும் ஒன்றெனத் தோன்றும். புள்ளி மறையும் நாள்வரை ஒன்றாகவே இருக்கும். அதன் பின்னரே பிரியும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நாள்களில் அளவு தவறாமல் தொண்டு செய்வது இரக்கத்தால் மட்டும் இயலாது. அறிவு கைகொடுத்தாலன்றி இரக்கம் அத்தனை நாள் நிலைப்பதில்லை. வள்ளலார் வலியுறுத்திய சீவகாருண்யத்தை உயிர்கண்டு உருகுதல் என்ற அளவிலேயே பலரும் நிறுத்திக்கொள்வது ஒரு குறையே.

மீனுக்கு வலி உண்டா என்று கேட்போர் உளர். 2002ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ரோஸ், மனித மூளையின் புறணியைப் போன்ற பகுதி மீனுக்கு இல்லாமையால் அது வலியை உணர்வதில்லை என வாதிட்டார். அடுத்த ஆண்டே லின் ஸ்னெடன் என்னும் பெண் அறிஞரும் உடனாய்வாளர்களும், டிரவுட் மீனின் உதட்டில் தேனீயின் நஞ்சையும் புளிக்காடியின் அமிலத்தையும் செலுத்தி ஆராய்ந்து, தீங்கை உணரும் நரம்புமுனைகள் அதற்கு உண்டென வெளியிட்டனர். அமிலம் பெற்ற மீன்கள் உதட்டைக் கற்களில் தேய்த்தன. வலிநீக்கும் மார்பீன் கொடுத்தபோது அச்செயல் குறைந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் தொட்டி வைத்திருப்பவர் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வலி உண்டெனக் கருதி ஒழுகி, அது இல்லையெனப் பின்னர்த் தெரிந்தால், இழந்தது சிறிது மின்சாரமும் சில நாள் பொறுமையும். இல்லையெனக் கருதி ஒழுகி, உண்டெனத் தெரிந்தால், அவ்விழப்பை ஈடுசெய்ய ஒரு வழியும் இல்லை.

அளவைப் பற்றிச் சிறிது. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் மேலே விட்ட இடைவெளியும் போக, நீர் 45 லிட்டர் அளவே இருக்கும். ஐந்தாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய இக்கணக்கைப் போடாமல் 'ஒரு மூடி' ஊற்றுவதே வழக்கம். செதில் இல்லாத மீன்களும் லோச் வகையும் மாலகைட் பச்சையின் முழு அளவைத் தாங்கமாட்டா. மெத்திலீன் நீலமோ வடிகட்டியில் வாழும் நல்ல நுண்ணுயிர்களையும் கெடுத்து, அம்மோனியாவைத் திரும்ப அழைத்து வரும். மருந்து நோயாவது இங்ஙனம். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்திடுக என்று நூல்கள் கூறுவது இதனால்தான். வெண்புள்ளி நோயிலோ, தொட்டி முழுவதும் ஒட்டுண்ணி இருப்பதால் ஒரு மீனை மட்டும் பிரித்துப் பயனில்லை.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றது. மீன்தொட்டியில் மருத்துவனும் அவரே, மருந்தை இயற்றிக் கொடுப்பவரும் அவரே, உடனிருப்பவரும் அவரே. வள்ளுவர் சொல்லாத ஐந்தாவது ஒன்றும் அவரே. ஆற்றிலிருந்த உயிரைக் கண்ணாடிக்குள் கொணர்ந்து நோய்க்கு இடம் தந்தவரும் அவரன்றோ? மனிதரின் மருத்துவன் நோயாளியின் நோய்க்குப் பொறுப்பாளன் அல்லன். மீனை வளர்ப்பவர் தம் கைக்கு எட்டாத ஒன்றைப் பழிக்க இடமில்லை. ஆறும் மழையும் வெயிலும் செய்த வேலையை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

பிழைக்காத மீனை என்செய்வது என்பது எஞ்சிய கேள்வி. கோலா தெர்லாவில் பலரும் சொல்லும் விடை, 'ஆற்றில் விட்டுவிடலாம்' என்பது. கேட்பதற்கு இதமான விடை. கொலைப்பழி கையில் ஒட்டாது. ஆயின் வெப்பநாட்டு மீன் அக்குளிர்ந்த ஓட்டத்தில் மெல்ல மெல்ல விறைத்து மடியும். அதன் உடலிலிருந்து உதிரும் ஒட்டுண்ணியோ குளிரையும் தாங்கி ஆற்று மீன்களைத் தேடும். சமவெளியிலும் இக்கருணையின் விளைவு கண்கூடு. தொட்டிகளிலிருந்து விடப்பட்ட 'இக்கான் பண்டாராயா' லங்காட் ஆற்றில் பெருகி, அங்குள்ள மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கழிப்பறையில் கொட்டுவதும் விடுவிப்பதாகாது; காணாமல் செய்வது மட்டுமே.

கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் மீனை மயக்க வல்லது; அளவு மிகுந்தால் மயக்கம் நீங்காமலே உயிர் அடங்கும். தொட்டியின் நீரைச் சிறு பாத்திரத்தில் எடுத்து, மீனை அதில் விட்டு, வெதுவெதுப்பான நீரில் நன்கு குலுக்கிய எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பர். மீன் சாய்ந்து அசைவற்றபின் மேலும் சேர்ப்பர். செவுளின் அசைவு முற்றும் நின்ற பின்னரும் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் அருகிலேயே இருத்தல் வேண்டும். கொல்லாமையை அறத்தின் தலையெனப் போற்றும் மரபில் வளர்ந்த கைக்கு இது எளிதன்று. எளிதாகவும் இருத்தலாகாது. ஆற்றங்கரையில் பையைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருபவரையும், பாத்திரத்தின் முன் அப்பத்து நிமிடங்கள் அமர்ந்திருப்பவரையும் ஒருங்கே நிறுத்தி, இவருள் உயிர்க்கு இரங்கியவர் யார் என்று மாணவரைக் கேட்டால், வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரிந்து வாதிடட்டும், பேகனைப் பற்றிய பாடத்திற்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறில்லை.