கணக்குக்கும் ஒரு கருவறையா?

"கணிதத்தின் புதுமைகள் புலவர்க்கே உரியவை, பாமரர்க்கு எதற்கு?" என்போர் இன்றும் உளர். பழைய பூட்டு, புதிய கதவு!

ஒரே வடிவான குவிந்த ஐங்கோணங்களை இடைவெளியின்றித் தளமெங்கும் பரப்ப எத்தனை வகை உண்டு? எட்டே என்றார் கணித அறிஞர் கெர்ஷ்னர், 1968 இல். முழு நிறுவலைத் தரவில்லை. 1975 இல் மார்ட்டின் கார்ட்னர் இதனை 'சயண்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எளிய நடையில் விளக்கினார். வாசகர் ஒருவர் ஒன்பதாம் வகையைக் கண்டார்! அச்செய்தி படித்த மார்ஜோரி ரைஸ், பள்ளிக் கல்வியோடு நின்ற கலிஃபோர்னிய இல்லத்தரசி, தாமே குறியீடுகள் வகுத்து, 1977 முடிவதற்குள் மேலும் நான்கு கண்டார். அறிஞர்கள் ஆராய்ந்தனர், ஏற்றனர். மொத்தம் 15 வகைகளே என்று 2017 இல் கணிப்பொறித் துணையுடன் நிறுவியவர் மிக்கேல் ராவ்.

பாமரர்க்கு எதற்கு என்போரே, விடை கிடைத்ததா?

எனினும், "மேதை கண்டார்; நம்புங்கள்" என்று வியக்க வைத்து நிறுத்தினால், அதுவும் ஒரு புராணமே! ஏன், எவ்வாறு என்பவற்றையும் எளிதாக்குக என்கிறோம் நாம். தாமே தேடிப் பார்த்தவரன்றோ ஒன்பதைக் கண்டனர்?

அறிந்ததை அடைத்து வைப்பது அறமாகாது. தோழர்களே, கற்றவன் கதவைத் திறப்பது கருணையன்று, கடன்!