சந்தைக்கு வழி காட்டுவோம்

 

உடைமைகளை மக்காவில் விட்டு மதீனா வந்தடைந்த ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதி தர முன்வந்தார்கள். வந்தவர்களோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். அன்றே பாலாடைக்கட்டியும் நெய்யும் வாங்கி விற்கத் தொடங்கினார்கள். பின்னாளில் பெருஞ்செல்வரானார்கள். சிறுகத் தொடங்குவது இழிவன்று என்பது இதனால் விளங்கும்.

நம் முன்னோரும் அவ்வாறே தொடங்கினர். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடிற்று. ஈயமும் ரப்பரும் வளர்த்த சிறு பட்டணங்களில் மளிகைக்கடையும் ஜவுளிக்கடையும் சாப்பாட்டுக்கடையும் வைத்து அவர்கள் பிழைத்தார்கள். கைக்காசைவிட நாணயமே அவர்களுக்கு முதல். சம்பள நாள்வரை கடன் கொடுத்து, 555 புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு திருமறை (2:282) கட்டளையிடுகிறது; இயலாதவனுக்குத் தவணை கொடுக்கவும் (2:280) சொல்கிறது. பெருநகரில் நிறை குறைத்தவனுக்கு நாளை வேறு வாடிக்கை வரலாம். சிறு பட்டணத்திலோ மாலைக்குள் ஊரே அறிந்துவிடும்.

இன்று அதே பட்டணங்களில் குளிரூட்டிய மினிமார்க்கெட்டுகள் வந்துவிட்டன. கைப்பேசியில் கேட்ட சாமான் வீட்டுவாசலுக்கு வருகிறது. விலையில் அவற்றோடு மல்லுக்கட்டுவது கடினம். ஆயினும் முகமறிந்து பேசுவதும், முடியாதவனுக்குத் தவணை தருவதும், சரியாக நிறுப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.

சகோதரர்களே! இவ்வூர்களிலேயே தொழில் தொடங்க விரும்பும் நம் இளைஞர் நம்மை நாடி வரும்போது நாம் என்ன செய்கிறோம்? ரமலானில் ஸதகா கொடுக்கத் தயங்காத நாம், மொத்த வியாபாரியிடம் அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லத் தயங்குகிறோம். நம் கடைக்கு எதிர்க்கடை வந்துவிடுமே என்று அஞ்சுகிறோம். ரிஜ்கைப் பங்கிடுபவன் அல்லாஹ் அன்றோ? அவனுடைய பங்கை நம் பூட்டும் சாவியும் தடுக்க முடியுமா? பாதிச் செல்வம் கொடுக்க நம்மால் ஆகாது. அதை நம்மிடம் எவரும் கேட்கவுமில்லை. வழியைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே, நம்மில் ஒவ்வொருவரும் ஓர் இளைஞனையாவது அருகில் அமர்த்தி, கொள்முதலும் கணக்கும் ஜகாத்தும் கற்றுக்கொடுப்போமாக. வல்ல நாயன் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் நெஞ்சில் விசாலத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.