காற்றில்லாத ஊரில் தர்மம்

கெலமங்கலத்தை அடுத்து, ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ் ஒன்றின் வாசலில் சென்ற பௌர்ணமி மாலை நின்றேன். பிளாஸ்டிக் கூரையின் உட்புறத்தில் நீர் துளித்துளியாய்க் கோத்திருந்தது. அதற்கப்பால் நிலவு எழுந்துகொண்டிருந்தது. உள்ளே அடியெடுத்து வைக்கப்போன என்னை, கூலிக்கு வந்திருந்த அம்மாள் ஒருவர், "மருந்து அடிச்சிருக்காங்க சார், இப்போ போகாதீங்க, மூச்சு முட்டும்" என்று கைநீட்டித் தடுத்தார்.

ஆண்டி வியர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2017-இல் வெளியிட்ட 'ஆர்ட்டெமிஸ்' நாவல் அப்போது நினைவில் எழுந்தது. சந்திரனில் ஏறக்குறைய 2,000 பேர் வாழும் நகரில், சுமை தூக்கிக்கொண்டே கள்ளக்கடத்தலும் செய்யும் ஜாஸ் பஷாரா என்ற இளம்பெண், பெருந்தொகைக்கு ஆசைப்பட்டு ஓர் அலுமினியத் தொழிலை முடக்க இசைகிறாள். அத்தொழிலின் ஆலையோ, அனார்த்தைட் என்னும் கனிமத்தை உருக்குகையில் பிரியும் பிராணவாயுவை நகருக்கு வழங்குவது. ஆகவே அவள் விளைத்த நாசம் க்ளோரோஃபார்ம் நச்சாகி, குழாய் வழியே சென்று ஊரையே மூர்ச்சையில் ஆழ்த்துகிறது.

இதை வெறுங் கற்பனையென்று தள்ளுவதற்கில்லை. அக்கனிமம் செறிந்த பாறை நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் உண்டு. அதைப் பொடித்த மண்ணில் சோதித்துப் பழக்கிய பின்னரே, நிலவில் இறங்குவதற்கான நம் சந்திரயான் கலங்கள் புறப்பட்டன. 2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. கலம் சென்ற வழியில் மனிதனும் ஒருநாள் குடியேறுவானாயின், அவனுடைய பாவபுண்ணியம் எதைப் பற்றி நிற்கும்?

சட்டத்தைப் பற்றி நிற்கும் என்பார் உளர். விண்வெளியில் தன் கலத்தின் மீதும் அதிலுள்ளோர் மீதும் அந்தந்த நாட்டுக்கே அதிகாரம் என்று 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை கூறுவதும் மெய்யே. எனினும், சட்டத்துக்கு ஓர் அரசு வேண்டும். தர்மத்துக்கோ பக்கத்தில் இன்னோர் உயிர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் போதும். காளத்தியில் வாயுவையே இறைவனாக வழிபட்ட நம் முன்னோர், எல்லோருக்கும் பொதுவான மூச்சைத் தனியொருவன் உடைமையாகக் கருதினாரல்லர். பூமியில் நாம் காற்றில் கலக்கும் தீமை அகண்ட வெளியில் கரைந்து கண்ணுக்கு மறைகிறது. நிலவிலோ வினையின் பயன் மறுபிறவிக்குக் காத்திராமல் அடுத்த மூச்சிலேயே வந்து சேர்கிறது.

அங்ஙனமாயின், அங்கே நிலவும் ஒழுக்கம் அச்சத்தின் பெயரேயன்றித் தர்மமாகுமோ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஜாஸ், தான் செய்ததை உணர்ந்தபின், தப்பியோட நினையாமல் தன் உயிரைப் பணயம் வைத்து ஊரைக் காக்கிறாள். அச்சம் முடியும் இடத்தில்தான் அவளுடைய தர்மம் தொடங்குகிறது.

அந்த அம்மாளுக்கும் என் மூச்சால் ஆவது ஒன்றுமில்லை. நான் உள்ளே போயிருந்தாலும் அவருக்கு அன்றைய கூலி குறைந்திராது. எந்தச் சட்டமும் அவரைக் கேட்டிராது. ஆயினும் அந்தக் கை நீண்டது. நிலவுக்குக் குடிபோகும் நாளில் மனிதன் இங்கிருந்து கொண்டுசெல்ல வேண்டியது அந்தக் கையைத்தான்.