புளியங்கொட்டைப் பந்தயம்

சென்ற விடுமுறையில் கடையநல்லூரில் தமக்கையின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, கல்லூரியில் பயிலும் மருமகன் எனக்குப் 'போக்கர்' என்னும் சீட்டாட்டத்தைக் கற்பித்தான். பணம் வைத்து ஆடலாகாது என்பது என் நிபந்தனை. ஆகவே ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டோம்.

விதிகள் எளியவையே. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தை அமைத்துக்கொள்ள வேண்டும். அரிதாக அமைவதே உயர்ந்தது. ஐந்து சீட்டுகள் சேரும் வகைகள் 25,98,960. அவற்றுள் ஒரே எண் நான்கு சேர்வன 624 மட்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் பிறர் வைத்த பந்தயத்திற்கு ஈடு வைக்கலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். மற்றவர் விலகிவிட்டால், எஞ்சியவரிடம் ஒன்றுமில்லாவிடினும் வெற்றி அவருக்கே.

ஒருமுறை மருமகன் பயனற்ற சீட்டுகளை வைத்துக்கொண்டே இருபது கொட்டைகளை முன்னே தள்ளினான். நான் தயங்காமல் ஈடு வைத்தேன்.

"நீங்கள் பயப்படவே இல்லையே, மாமா! இப்படி ஆடினால் ஆட்டமே இல்லை" என்று சலித்துக்கொண்டான்.

சிந்தித்துப் பார்த்தேன். புளியங்கொட்டை போனால் யாருக்கு வலிக்கும்? இழப்பு வலிக்க வேண்டும். அந்த வலியைப் பற்றிய அச்சமே இவ்வாட்டத்தின் உயிர்.

"இது திறமை விளையாட்டு, சூது அன்று" என்றான் அவன். அதற்குச் சான்றும் உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றபோதும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி அவற்றுக்கு விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமோ, திறமையா தற்செயலா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது.

சட்டம் எப்படியாயினும், திறமை நம் மனச்சான்றை விடுவிக்குமா? குருட்டு அதிர்ஷ்டம் எவரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. திறமையோ, பழகியவனைப் பழகாதவனிடமிருந்து எடுத்துக்கொள்ளச் செய்கிறது. ஓட்டப்பந்தயத்தில் தோற்றவன் பரிசை இழக்கிறான். தன் கூலியை அன்று. பந்தய ஆட்டங்கள் தம்மளவில் நீதிக்கு மாறானவை அல்ல என்றே திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2413) கூறுகிறது. ஒருவர் தம் தேவைக்கும் பிறர் தேவைக்கும் உரியதை அவை பறிக்கும்போதுதான் ஏற்கத் தகாதவை ஆகின்றன. எனவே 'எப்படி வென்றாய்?' என்பதோடு 'எதை, யாரிடமிருந்து வென்றாய்?' என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

மருமகனிடம் கேட்டேன்: "அடுத்த தெருவில் தறி நெய்பவர் தம் வாரக் கூலியோடு உன் எதிரில் அமர்ந்தால், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இப்படித் தள்ளுவாயா?"

நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "மாட்டேன், மாமா. கைப்பேசியில் ஆடியபோது முகம் தெரியவில்லை" என்றான் தாழ்ந்த குரலில்.

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கொட்டைகளை எண்ணினோம், அவனிடம் தொண்ணூற்றொன்று, என்னிடம் ஒன்பது. அவன் தன்னுடையவற்றையும் என்னுடையவற்றையும் ஒன்றாக அள்ளி, தாயின் டப்பாவில் திரும்பப் போட்டான்.