ஒப்பமும் உண்மையும்

சொன்ன சொல்லைச் சொன்னவனே மறுத்துவிட்டால் என்ன செய்வது? சொல்லாத சொல்லை அவன் தலையில் பிறர் சுமத்திவிட்டால் என்ன செய்வது? மாந்தர் கூடி வாழத் தொடங்கிய நாள்தொட்டு விடை தேடப்படும் வினாக்கள் இவை. முத்திரை வந்தது, கையெழுத்து வந்தது, கம்பி வழியும் காற்று வழியும் பறக்கும் செய்திகளுக்கு இன்று டிஜிட்டல் கையொப்பம் வந்திருக்கிறது.

அதன் வலிமை எதிலே இருக்கிறது? 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் எனும் மூவர் கண்ட முறையை எண்ணிப் பார்ப்போம். இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்ததைப் பிரித்துக் காண்பது அரிது. அந்த அருமையே பூட்டு! என்றுமே திறக்க இயலாத பூட்டன்று; இன்னும் எவரும் திறக்காத பூட்டு. போதிய ஆற்றல் வாய்ந்த குவாண்டம் கணிப்பொறி அமையுமானால் அது திறந்துவிடும் என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டினார். பிறர் இயலாமையை அடித்தளமாக்கி எழுப்பிய மாளிகை, அறிவு வளர ஆட்டங்காண்பதில் வியப்பென்ன?

2001-இல் காட்டஸ்மன், சுவாங் எனும் இருவர் மாற்றுவழி கூறினர். முன்பின் அறியாத குவாண்டம் நிலையை அப்படியே படியெடுக்க இயலாது என்பது 1982-இல் நிறுவப்பட்ட உண்மை. ஒப்பமிடுவோன் தன் மறைபொருளை அத்தகைய நிலைகளாக்கி, பெறுவோர்க்கு அளவாகப் பகிர்ந்தளிக்கிறான். பின்னர் வரும் ஒப்பத்தை அவர்கள் சரிபார்க்கலாம். மறைபொருள் முழுவதையும் கறந்துவிட முடியாது. ஆகவே, பொய்யொப்பமிடக் கை நீளாது.

ஆனால் ஒப்பமிட்டவனே வஞ்சகனாயின்? ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் தந்து, நாளை "நான் இடவில்லை" என்று நழுவினால்? அதற்கும் காப்பு உண்டு. பெறுவோர் தமக்குள் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். பின்னாளில் வந்த முறைகளில், தாம் பெற்றதில் பாதியை அவனறியாமல் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கின்றனர். எது எவரிடம் உள்ளதென அவனுக்கே தெரியாது. பிரித்து ஏய்க்கும் சூழ்ச்சி பலிக்குமா? பலிக்காது!

இங்கேதான் அறம் ஒளிர்கிறது. நம்பிக்கை, சொல்பவனின் பீடத்தைப் பார்த்துப் பிறப்பதன்று. கேட்பவர்கள் கலந்து பேசி, சமமாக நின்று, சரிபார்த்துப் பெறுவது. "ஐயுறுவது அன்பின்மையன்றோ?" என்பர் சிலர். அன்று! நேர்மையாளனுக்கு ஆய்வு அவமதிப்பாகாது; அவன் பெயரைக் களவு கொடாமல் காப்பதும் அவ்வாய்வே.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஒப்பம், இன்னார் சொன்னார் என்பதற்கே சான்று. சொன்னது மெய் என்பதற்குச் சான்றன்று. பழுதற்ற ஒப்பம் இட்டாலும் பொய் பொய்தான்! இயற்கையின் விதி நம் கையெழுத்தைக் காக்கலாம். நம் சொல்லைக் காக்க வேண்டியவர் நாமே.