அடைப்பது எப்போது அறம்?

பாறசாலையில் பம்பும் குழாயும் பார்க்கிற வேலை எனக்கு. களியக்காவிளை தாண்டியும் கூப்பிடுவார்கள். கோடையில் புல்தரை ஸ்பிரிங்ளர்தான் அதிகம் வரும். "அண்ணா, மோட்டாரை ஆஃப் பண்ணினாத்தான் தண்ணி நிக்குது" என்பார்கள். வால்வு அடைபட மறுக்கிறது.

உள்ளே ஒரு ரப்பர் டயாபிரம். வருகிற தண்ணீரில் கொஞ்சம் சிறு துளை வழியே அதன் மேலறைக்கு ஏறுகிறது. மேல்பக்கத்துப் பரப்பு அதிகம் என்பதால் அந்தத் தண்ணீரே டயாபிரத்தை அழுத்தி வழியை மூடுகிறது. சோலனாய்டு என்கிற மின்காந்தம் மேலறையைக் காலி செய்தால் வால்வு திறக்கும். துளையில் மணல் சிக்கினால் மேலறை நிரம்பாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மெயின் லைனை அடைத்து, மூடியைக் கழற்றி, துளையைக் கம்பியால் குத்திப் பெரிதாக்காமல் அலசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டயாபிரம் கிழிந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

ஓயாமல் ஓடுகிற வால்வை வள்ளல் என்று சொல்ல மாட்டேன். இந்தப் பாத்தியில் சகதி, அடுத்த பாத்திக்கு அழுத்தமே இல்லை. அடுத்தவருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அடைத்தால் அந்த அடைப்பும் தர்மம்தான். யாருக்கும் சேராமல் அடைத்தால் அது பாவம். கோயில் வாசலுக்கும் இதே கணக்குதான். எங்கள் நெய்யாற்றங்கரைப் பக்கத்து அருவிப்புரத்தில் 1888 சிவராத்திரி இரவில் ஸ்ரீநாராயண குரு நெய்யாற்றுக் கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். கோயிலுக்குள் விடப்படாதவர்களுக்கு ஆறே கோயில் தந்தது. திருவிதாங்கூர் அரசு தன் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட 1936 ஆனது.

அதே நெய்யாறு அகத்தியமலையில் பிறந்து பூவாரில் கடல் சேர்கிறது. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டோடு போனது, நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. அதற்குப் பிறகு நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் வழியே தண்ணீர் எல்லை தாண்டி விளவங்கோட்டு வயல்களுக்கும் போனது. 2004-ல் கேரளம் அதை நிறுத்தியது. இது எங்கள் மாநிலத்து ஆறு என்கிறது கேரளம். பங்கு கேட்டுத் தமிழ்நாடு 2012-ல் உச்சநீதிமன்றம் போனது.

எங்கள் குடிநீருக்கும் வயலுக்கும் வேண்டியதைக் கேரளம் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். கோடையில் அதற்காக அடைத்தால் அது முறைதான். ஆனால் மழையில் நெய்யாறு அணையின் ஷட்டரைத் தூக்கிக் கடலுக்கு விடுகிற நாளிலும் விளவங்கோட்டுக்கு இல்லை என்றால், அந்த அடைப்பில் யாருக்கும் பங்கு சேரவில்லை. நீதிமன்றத்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், உபரி நாட்களிலாவது கால்வாயைத் திறக்க இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும்.